சுண்டுவிரல் தடவிய கார்

ரசமட்டம் வீரமாக ஒன்றும் விழவில்லை. பரண்மேல் இருந்த பழைய மின்விசிறியை இறக்க நாற்காலியில் ஏறினான். நாற்காலி ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். மின்விசிறி மட்டும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. தரையில் ஊன்றிய வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டு போட்டார்கள். பிரித்துப் பார்த்தபோது எலும்பு சேர்ந்துதான் இருந்தது, ஆனால் யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குச் சேர்ந்திருந்தது. கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தால் முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி மணிக்கட்டில் ஒரு மேடு தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரைத் திருகினால் வலித்தது. மற்றபடி கை வேலை செய்தது.

வேறு தொழில்காரனாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். இவனுக்குத் தொழிலே கோணலை நேராக்குவது. மச்சானுடைய கார் பட்டறையில் டிங்கரிங். நசுங்கி வருகிற கதவைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தடவிப் பார்ப்பான். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் அவன் விரல் நுனிக்குத் தெரியும். அதனால்தான் கொத்தனார் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தின் பெயர் அவனுக்கு வந்தது. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது. அவன் தடவிப் பார்த்து "சரி" என்று சொன்னால்தான் பெயின்டர் பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கையில் எடுப்பான். அந்தப் பட்டறையில் அந்தச் "சரி"க்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்படிப்பட்டவன் கையே கோணலாக இருந்தால் வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"அண்ணே, என் வண்டிய அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உங்க கைக்கு ஒரு டிங்கரிங் போடுங்க" என்றான் ஒரு வேன் டிரைவர். பட்டறையே சிரித்தது. ரசமட்டமும் சிரித்தான். அன்றைக்கு மத்தியானமே எலும்பு டாக்டரைப் பார்க்கப் போய்விட்டான்.

மச்சானுக்கு இதில் உடன்பாடில்லை. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பட்டறை முதலாளி, இவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். மூன்று வழியிலும் தப்பிக்க முடியாத மனிதர்.

"மாப்ள, கை ஓடுதா?"

"ஓடுது மச்சான்."

"ஓடுற வண்டிய எவனாவது பிரிப்பானா?"

"ஒரு பக்கமா இழுக்குதே."

"இழுத்துட்டுப் போகட்டுமே. நீ என்ன ரேஸுக்கா போற? பிரிச்சு மாட்டுனா ஒரு நட்டாவது மிஞ்சும். சொல்றத சொல்லிட்டேன்."

இந்த "சொல்றத சொல்லிட்டேன்" என்பது வெறும் பேச்சு அல்ல, முன்பதிவு. பின்னால் எப்போதாவது "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்வதற்கு மச்சான் இப்படித்தான் இடம் போட்டு வைப்பார். அவர் மழை பெய்தாலும் அப்பவே சொன்னவர், வெயில் அடித்தாலும் அப்பவே சொன்னவர். அவர் தங்கை கல்யாணம் செய்துகொண்டதற்கே ஒரு "அப்பவே சொன்னேன்" நிலுவையில் இருப்பதாக ரசமட்டத்துக்கு ஒரு சந்தேகம் உண்டு.

டாக்டரம்மா நிதானமானவர். கோணலாகச் சேர்ந்த இடத்தில் எலும்பை வெட்டி, நேராக வைத்து, தகடு போட்டு முடுக்குவோம் என்றார். படம் வரைந்தும் காட்டினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இதக் கவனமா கேட்டுக்கோங்க. சில பேருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் மணிக்கட்டு வழியா போற நரம்பு அழுத்தப்படலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் மரத்துப்போகும், எறும்பு ஊறும். அப்படி ஏதாவது இருந்தா அன்னைக்கே வந்துடணும். பொறுத்துப் பாக்கவே கூடாது. புரியுதா?"

"புரியுது டாக்டர். ஸ்க்ரூ ப்ளஸ் தலையா, நட்சத்திரத் தலையா?"

"நட்சத்திரம்" என்றார் டாக்டர், ஒரு பெருமூச்சோடு.

அறுவை சிகிச்சை பிரமாதமாக நடந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்து ரசமட்டம் சொக்கிப்போனான். எலும்பு கம்பி மாதிரி நேராக நின்றது. தகடு ஒட்டிப் பிடித்திருந்தது. ஒரு ஸ்க்ரூகூடச் சாயவில்லை. அந்த எக்ஸ்ரேயைப் பட்டறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினான். வண்டி விட வருகிறவர்களை நிறுத்தி வைத்து விளக்கம் சொன்னான். மச்சான் மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் போய்வந்தார். அவர் இடம் போட்டு வைத்த சீட்டு வீணாகிக்கொண்டிருந்தது.

கை மரத்தது முதல் வாரத்திலேயே.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. டாக்டர் சொன்ன வரிசை மாறாமல் வந்து உட்கார்ந்தது. விரல்களுக்கு யாரோ தடித்த உறை போட்டுவிட்ட மாதிரி இருந்தது. தூக்கத்தில் கை எரிந்து விழிப்பு வந்தது, உதறினால் கொஞ்சம் தணிந்தது. சுண்டுவிரல் மட்டும் இந்த விவகாரத்தில் சேராமல் பழையபடி இருந்தது.

இது என்ன என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. டாக்டரிடம் சொல்லவேண்டும் என்பதும் தெரியும். ஆனால் டாக்டரிடம் அழைத்துப் போகிறவர் மச்சான். கையில் கட்டு இருக்கும்போது வண்டி ஓட்ட முடியாதே. போகும் வழியெல்லாம் காரிலும், போன பிறகு பக்கத்து நாற்காலியிலும் அவர் இருந்தார்.

"மரத்துப்போகுதா?" என்று டாக்டர் கேட்டார்.

ரசமட்டம் ஓரக்கண்ணால் பார்த்தான். மச்சான் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். வாய்கூட லேசாகத் திறந்திருந்தது.

"சேச்சே. சூப்பரா இருக்கு டாக்டர்."

டாக்டர் விடவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். ரசமட்டம் கண்ணை முக்கால்வாசிதான் மூடினான். இமை இடுக்கில் பஞ்சு போகிற திசையைப் பார்த்துக்கொண்டு "கட்டைவிரல்... இப்ப நடுவிரல்..." என்று ஒன்றுவிடாமல் சொன்னான். முழு மதிப்பெண். அவன் வாழ்க்கையில் எழுதிய பரீட்சைகளில் காப்பியடித்துத் தேறியது அது ஒன்றுதான், அதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருந்ததில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

வீட்டில் ஏமாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. டம்ளர்கள் கையிலிருந்து நழுவின. சட்டைப் பித்தான் மாட்ட முடியாததால் பனியன் மாதிரித் தலைவழியாகப் போடுகிற உடுப்பாகவே போட்டுக்கொண்டான். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், வருகிறவர்களின் பார்வையைச் சோதிப்பவள். இதையும் பார்த்தாள்.

"ஏங்க, சட்டையெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? அலமாரியிலயே தூங்குது."

"வெக்கையா இருக்கு."

"ஃபேன் போட்டா குளிருதுன்னு சொன்னதும் நீங்கதானே?"

"அது வேற குளிர்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. நழுவுகிற டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு பிடி வைத்த குவளைகளை வெளியே எடுத்து வைத்தாள். கேள்வியைவிட அது மோசமாக இருந்தது.

கட்டுப் பிரித்து, கைக்குப் பயிற்சி கொடுத்து, வேலைக்குத் திரும்பினான். சுத்தியல் பிடிக்க முடிந்தது. தட்ட முடிந்தது. கடைசித் தடவலில்தான் சிக்கல். பட்டி பூசித் தேய்த்த கதவில் விரல்களை ஓட்டினால், கதவு அங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறொரு செய்தியும் வரவில்லை. இடது கையால் தடவிப் பார்த்தான். இத்தனை வருஷமாகப் பின்பக்கம் இரும்புக்கட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த கை அது. அபிப்பிராயம் சொல்லி அதற்குப் பழக்கமில்லை. கடைசியில் வலது கையின் சுண்டுவிரலை மட்டும் நுனியில் பதித்து ஓட்டினான். அதற்கு உணர்ச்சி இருந்தது. எறும்பு போகிற அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அந்தக் கோட்டில் மேடு பள்ளம் இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்ன இருந்தது என்பது அந்தக் கதவுக்கே வெளிச்சம்.

"சரி" என்றான்.

அந்தக் கார் ஒரு வக்கீலுடையது. கறுப்பு. வெள்ளைக் காரில் சின்னத் தப்புகள் ஒளிந்துகொள்ளும், கறுப்புக் கார் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். பெயின்டர் நன்றாகவே அடித்திருந்தான். நிழலில் கார் கண்ணாடி மாதிரி இருந்தது. வக்கீல் அதை வெளியே வெயிலுக்கு எடுக்கச் சொன்னார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கதவு நெடுகப் பார்வையை ஓட்டினார். தெருவோர மின்கம்பம் கதவில் தெரிந்தது. கதவின் நடுவில் அது இடுப்பை வளைத்து ஆடியது.

"இந்தக் கம்பம் ஏங்க நெளியுது?"

மச்சான் திரும்பி நிஜக் கம்பத்தைப் பார்த்தார். "அது கம்பமே கொஞ்சம் அப்படித்தான் சார்."

"கம்பம் நேராத்தான் நிக்குது. சாட்சிய மாத்தாதீங்க."

வக்கீல் கத்தவில்லை. மறுபடி செய்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். கத்தியிருந்தால் மச்சானுக்குப் பதில் கத்துவதற்கு ஒரு வழி கிடைத்திருக்கும். அது கிடைக்காததால் பெயின்டரைப் பிடித்தார்.

"கனமா அடிச்சுத் தொலைச்சியா? ஒரு இடத்துல நின்னுட்டே அடிச்சியா? போன்ல பேசிட்டே அடிச்சியா?"

பெயின்டர் நெட்டையானவன், அதிகம் பேசாதவன். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரசமட்டத்தைப் பார்த்தான். ரசமட்டம் எதிர்ச்சுவரில் இருந்த டயர் கம்பெனி காலண்டரைப் பார்த்தான். அது போன வருஷத்துக் காலண்டர்.

மச்சான் டீ குடிக்கப் போனதும் பெயின்டர் வந்தான். கையில் உப்புத்தாள் துண்டுகள்.

"கண்ண மூடுப்பா."

"எதுக்கு?"

"மூடேன். முத்தமெல்லாம் குடுக்க மாட்டேன்."

ரசமட்டம் மூடினான். முக்கால்வாசி.

"முழுசா" என்ற பெயின்டர், தன் முகமூடியைக் கழற்றி அவன் கண்ணுக்குக் கட்டிவிட்டான். பெயின்ட் வாடை குப்பென்று அடித்தது. ஒரு துண்டை ரசமட்டத்தின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தான். "இது பட்டி தேய்க்கற முரடா, கடைசியா தேய்க்கற நைஸா?"

துரு தேய்க்கப் பழகுகிறவன்கூட முதல் நாளே சொல்லிவிடக்கூடிய விஷயம். ஒன்று சரளைக்கல் மாதிரி இருக்கும், இன்னொன்று காகிதம் மாதிரி இருக்கும்.

"நைஸ்" என்றான்.

பெயின்டர் அடுத்த துண்டை வைத்தான்.

"இது... முரடு." ரசமட்டத்தின் சுண்டுவிரல் மெல்ல நீண்டு வந்து துண்டைத் தொடப் பார்த்தது. பெயின்டர் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினான்.

"அந்த ஆளக் கூப்பிடாத. மத்தவங்க பேசட்டும்."

மற்றவர்கள் பேசவில்லை. முகமூடியை அவிழ்த்தபோது ரசமட்டம் தன் கையைப் பார்த்தான். பெயின்டர் வைத்தது இரண்டு தடவையும் முரடுதான். விரல் நுனியில் தோல் சிராய்த்திருந்தது. பக்கத்திலேயே ஆள்காட்டி விரலில் பெரிய கொப்புளம் ஒன்று பழுத்து நின்றது.

"இது எப்ப சுட்டுச்சு?" என்றான் பெயின்டர்.

ரசமட்டம் அந்தக் கொப்புளத்தை வேறு யாருடைய விரலிலோ பார்ப்பது போலப் பார்த்தான். "தெரியல" என்றான். அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. வக்கீலின் கார் நெளிந்தபோது வந்தது வெட்கம். இது வேறு.

"நானே முதலாளிகிட்ட சொல்லட்டுமா, நீ சொல்றியா?" என்றான் பெயின்டர். "என் பேரு கெட்டுப்போச்சு, அது பரவால்ல. அடுத்தது கொப்புளத்தோட நிக்காது. வெல்டிங் பக்கத்துல வேல செய்யறவன் நீ."

டீ குடித்துவிட்டு வந்த மச்சானிடம் ரசமட்டமே போய்ச் சொன்னான். நின்றபடியே, மூச்சுவிடாமல் சொன்னான். பெயின்டர் மேல் தப்பில்லை, கை மரத்திருக்கிறது, முதல் வாரத்திலிருந்தே மரத்திருக்கிறது, டாக்டரிடம் சொன்னது பொய். மச்சான் கேட்டு முடித்தார். கார் சாவியை எடுத்தார். "ஏறு" என்றார்.

முதல் சிக்னலில் ஆரம்பித்தார்.

"நான் அப்பவே சொன்னேன்."

"ஆமா மச்சான்."

"ஓடுற வண்டிய எவனாவது பிரிப்பானான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

அடுத்த சிக்னலில் மறுபடி சொன்னார். மேம்பாலத்தின்மேல் நெரிசலில் நின்றபோது, வார்த்தைகளை முன்பின் மாற்றி இன்னும் விரிவாகச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டே, கொஞ்சம் அலுப்போடு, கடைசியாக ஒரு தடவை சொன்னார். அத்தோடு தீர்ந்துபோயிற்று. ரசமட்டத்துக்கு, இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த மூன்று வார்த்தையைக் காதில் வாங்கக்கூடாது என்றுதான் ஒரு கையையே பணயம் வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிட்டது.

டாக்டரம்மா இந்தத் தடவை அவன் முகத்துக்கு முன்னால் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு தொட்டார். மணிக்கட்டில் விரலால் தட்டினார். மின்சாரம் மாதிரி ஒன்று நடுவிரல் நுனிவரைக்கும் ஓடியது. கட்டைவிரலின் அடியில் இருந்த சதையை அழுத்திப் பார்த்தார். இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது கையில் அந்தச் சதை லேசாக வற்றியிருந்தது.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"முதல் வாரம் டாக்டர்."

"போன தடவை கேட்டேனே?"

"கண்ண முழுசா மூடல டாக்டர்."

டாக்டர் மச்சானைப் பார்த்தார். "நான் இந்தக் கேஸ்ல இல்லைங்க" என்பது போல மச்சான் கையை விரித்தார்.

பிறகு டாக்டர் விளக்கினார். மணிக்கட்டில் ஒரு சந்து இருக்கிறது, அடியில் எலும்பு, மேலே கெட்டியான ஒரு பட்டை, நடுவில் நரம்பு. எலும்பு கோணலாக இருந்தபோது நரம்பு அதற்குத் தகுந்தபடி இடம் பிடித்துக்கொண்டிருந்தது. எலும்பை நேராக்கியதும் சந்தின் வடிவம் மாறிவிட்டது, வீக்கமும் சேர்ந்துகொண்டது, நரம்புக்கு இடம் போதவில்லை. மேலே இருக்கும் பட்டையைத் திறந்துவிட வேண்டும்.

"எலும்பு எப்படி இருக்கு டாக்டர்?"

"எலும்பு அருமையா இருக்கு."

அந்த நிலையிலும் அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"விரல் திரும்பி வருமா?"

"நரம்பு அறுபடல, நசுங்கியிருக்கு. வரும்னுதான் நினைக்கிறேன். எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது. முதல் வாரமே வந்திருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

அவன் தலையை ஆட்டினான். இந்தத் தடவை ஸ்க்ரூவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மனைவியிடம் சாயங்காலம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "எங்க கடைக்கும் வருவாங்க இப்படி. போர்டுல இருக்கற எழுத்த முன்னாடியே மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிப்பாங்க. நானும் சபாஷ்னு சொல்லி அனுப்பணும்னு எதிர்பார்ப்பாங்க. அப்புறம் படி தெரியாம விழுந்து வருவாங்க" என்றாள். பிறகு சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை வேண்டிய அளவுக்கு மேலாகச் சத்தம் போட்டுக் கழுவினாள்.

இரண்டாவது அறுவை சிகிச்சை சின்னது. உள்ளங்கையில் ஒரு கீறல், அவ்வளவுதான். தூக்கத்தில் எரிவது உடனே நின்றது. மரப்பு நிற்கவில்லை. நரம்புக்கு அவசரம் கிடையாது, அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பெரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பட்டறைக்குத்தான் அவசரம். வக்கீலின் காரைப் பிரித்து மறுபடி பட்டி பூசினார்கள். மச்சான் தானே தடவிப் பார்த்தார். "எனக்கு எல்லாமே வழவழன்னுதான்டா இருக்கு" என்றார். பெயின்டர் தடவிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது, ஆனால் ஒரு கதவுக்கு ஒரு முழுக் காலையும் போயிற்று. வேறு பட்டறையிலிருந்து ஓர் ஆள் வந்தான். கண்ணை மூடித் தடவினான். இரண்டு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டான். இரண்டும் சரியான வட்டங்கள். ரசமட்டம் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மச்சான் வந்து பக்கத்தில் நின்றார். "ஒளிச்சுப் பேசத் தெரியாது எனக்கு. அந்த ஆளு வரேன்னு சொல்லியிருக்கான். கை வந்தா உன் இடம் உனக்கு, அவன வேற வேலைக்கு வெச்சுக்குவேன். வரலேன்னா முன்னாடி மேசையில உக்காந்து போன் எடு. வெளிய தள்ள மாட்டேன். தள்ளினா என் தங்கச்சி என்னை மாடியிலேர்ந்து தள்ளிடுவா."

"போன்ல நான் என்ன பேசுவேன் மச்சான்?"

"வண்டி நாளைக்கு ரெடின்னு சொல்லு. எந்த வண்டியா இருந்தாலும் அதான் பதில்."

கட்டைப் பிரித்த பிறகு ரசமட்டம் போன் எடுத்தான். நாளைக்கு ரெடி என்று சொன்னான். சும்மா இருக்கும்போது மேசை விளிம்பில் விரல்களை ஓட்டினான். மேசை அங்கே இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. புது ஆள் உள்ளேயிருந்து "சரி!" என்று கூவும்போதெல்லாம் போனில் பேசிக்கொண்டிருப்பவரிடம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மனைவி அவனை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து நகம் வெட்டினாள். மரத்த வலது கையில் நகம் எங்கே முடிகிறது என்று தெரியாததால் தானே வெட்ட அவனுக்குப் பயம். அவள் கட்டைவிரலில் ஆரம்பித்தாள். தெருவில் யாரோ கூப்பிட்டது போலிருந்ததால் ஒரு கணம் வெளியே பார்த்தாள்.

"ஆ! ஐயோ!"

அவள் கையை உதறிவிட்டாள். நகத்தோடு கொஞ்சம் சதையும் வெட்டுப்பட்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவள், கேட்காமல் அவனையே பார்த்தாள். அவனும் கட்டைவிரலையே பார்த்தான். ஒரு துளி ரத்தம் மெல்லத் திரண்டது.

"வலிச்சுதா?"

"உயிர் போயிடுச்சு!"

"நிஜமா? கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"முழுசா மூடுங்க." அவள் ஒரு கையால் அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அதே இடத்தில் நகத்தைப் பதித்து அழுத்தினாள். அவன் முன்னைவிடச் சத்தமாகக் கத்தினான். ஆள்காட்டி விரலில் அழுத்தினாள். "என்னமோ இருக்கு... தூரத்துல யாரோ கூப்பிடற மாதிரி" என்றான். நடுவிரலில் அழுத்தினாள். அவன் கத்துவதற்குத் தயாராக மூச்சை இழுத்து வைத்துக்கொண்டிருந்தான். கத்த ஒன்றும் வரவில்லை.

"அங்க இன்னும் இல்ல."

"சரி, அங்க அடுத்த வாரம் கிள்ளிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கட்டைவிரலுக்கே போனாள்.

மேல்மாடி ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. "என்னம்மா அங்க? யாரக் கொல்ற?"

"வலிக்குதாம்ண்ணா!"

மச்சான் தலையை வெளியே நீட்டினார். பிறகு ஜன்னலிலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் வந்தது:

"நல்லா வலிக்கட்டும்! நிறுத்தாத!"